கம்ப்யூட்டருக்கும் அக்கினி நட்சத்திரம்

சித்திரை பிறந்து விட்டால் தாம்பரத்துக்காரர்களுக்குப் பேசுவதற்கு வேறு விஷயமே கிடையாது. காலையில் பால்காரரிடம் "என்ன வெயில், என்ன வெயில்!" என்று ஆரம்பித்து, மின்சார ரயிலில் அடுத்த ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத அம்மாள் வரையில் எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லி ஆற்றிக் கொள்கிறோம். மனிதர்களுக்குத்தான் எத்தனை உபசாரம்! நீர் மோர், நன்னாரி சர்பத், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், ரோட்டோரத்து நுங்கு. ஆனால் அதே வீட்டில், கூடத்து மூலையில் ஒரு மேஜைக்கு அடியில், அதே வெயிலை நம்மை விட மோசமாக அனுபவித்துக் கொண்டு வாயில்லாப் பிராணி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அதன் முதுகுப் பக்கம் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன்.

"அதெல்லாம் பிள்ளைகள் சமாசாரம், நமக்கு எதற்கு அந்த வம்பு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! கதாநாயகி எங்கும் ஓடிவிட மாட்டாள். இது உங்கள் வீட்டுப் பணமும், மின்சார பில்லும், சில வீடுகளில் மாத வருமானமும் சம்பந்தப்பட்ட விஷயம்.

சேலையூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூத்த பெண் பட்டப் படிப்பை முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறாள். அந்த வருமானத்தில்தான் தம்பியின் காலேஜ் சம்பளம் நடக்கிறது. ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் அவளுடையது. மார்கழி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே வேலையும் கிடையாது. அந்த ஓய்வு நாளில் தம்பி மெதுவாக வந்து, "அக்கா, இதை ஓவர்கிளாக் செய்து தருகிறேன், பறக்கும் பார்" என்கிறான். செய்கிறான். இரவு முழுவதும் ஓட்டிப் பரிசோதித்தும் பார்க்கிறான். உண்மையாகவே ஒரு குறையும் இல்லை. பிறகு வைகாசி வருகிறது. ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம். பெண் வீட்டார் டெலிபோனுக்கு மேல் டெலிபோன் செய்கிறார்கள். முக்கால் வாசி தயாரான நேரத்தில் திரை நீலமாகிப் படம் நின்று போகிறது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தால், மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது.

மார்கழியில் ஓடியது வைகாசியில் ஏன் நின்றது? இந்த வாரம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

முதலில், இந்த ஓவர்கிளாக் என்பது என்ன? கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராஸஸர் எப்போதும் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டே வேலை செய்கிறது. ஒரு தட்டு விழுந்தால் ஓர் அடி நகரும். ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால், ஒரு விநாடிக்கு 500 கோடி தட்டு என்று அர்த்தம். அந்தக் காலப்பிரமாணத்தை உற்பத்தி செய்தவர்கள் நிர்ணயித்து அனுப்புகிறார்கள். அதைவிடத் துரிதமாகத் தாளம் போட்டு, பிராஸஸரைப் பின்னாலேயே ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். மியூஸிக் அகாடமியில் பாடகர் நிதானமாக எடுத்த பல்லவியை மிருதங்கக்காரர் இழுத்துக் கொண்டு ஓடினால் என்ன ஆகும்? சிறிது தூரம் விறுவிறுப்பாக இருக்கும். அப்புறம் பாடகருக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும்போது கொடுக்க வேண்டிய சோடா, இங்கே மின் அழுத்தம். வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால்தான் பிராஸஸர் அந்த வேகத்தில் தப்பில்லாமல் ஓடும்.

விபரீதம் இங்கேதான் ஆரம்பம். வேகத்தை ஏற்றினால் உஷ்ணம் அதே விகிதத்தில் ஏறும், அது நியாயம். ஆனால் வோல்ட்டேஜை ஏற்றினால் உஷ்ணம் அதன் வர்க்கமாக ஏறும். வேகத்தில் ஐந்து சதவிகிதம் கூட்டுவதற்காக வோல்ட்டேஜில் பத்து சதவிகிதம் கூட்டினால், பிறக்கும் உஷ்ணம் சுமார் 27 சதவிகிதம் அதிகம். ஐந்து ரூபாய்ச் சாமானுக்கு இருபத்தேழு ரூபாய்! கொத்தவால் சாவடியில் பேரம் பேசிப் பழகிய நம் பாட்டிமார்கள் இருந்திருந்தால் அந்த வியாபாரியைச் சும்மா விட்டிருப்பார்களா?

சரி, ஐந்து சதவிகிதத்தால் கிடைக்கும் லாபம்தான் என்ன? பத்து மணி நேரம் பிடிக்கும் வேலை ஒன்பதரை மணி நேரத்தில் முடியும். அரை மணிக்கும் ஒரு நிமிஷம் குறைவாகவே மிச்சம். பாதியில் ஒரே ஒரு தடவை நின்றுபோனால், அந்த மாதம் முழுவதும் மிச்சம் பிடித்த அரை மணிகள் போன இடம் தெரியாது.

ஒரு காலத்தில் இது லாபகரமான காரியமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். 1998-ல் இன்டெல் கம்பெனி ஸெலரான் 300ஏ என்று ஒரு மலிவான பிராஸஸரை விற்றது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று வாங்கியதை, வீட்டில் உட்கார்ந்து 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். நூற்றுக்கு ஐம்பது லாபம்! அந்தச் செல்வாக்கில்தான் இந்த வித்தை உலகமெங்கும் பரவியது. அப்புறம் வேகத்துக்கு உஷ்ணமே எமனாக வந்து நின்றது. நாலு கிகாஹெர்ட்ஸில் பென்டியம் 4 கொண்டு வருவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஒருவரை விரட்டி விரட்டி வேலை வாங்குவதை விட நாலு பேரை வைத்துக் கொண்டு நிதானமாக வாங்கலாம் என்று, ஒரே சில்லில் பல மூளைகளை வைக்கும் வழக்கம் வந்தது. இப்போது வரும் பிராஸஸர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. குளிர்ச்சியாக இருந்தால் தாமே வேகத்தைக் கூட்டிக் கொள்கின்றன. சூடானால் தாமே குறைத்துக் கொள்கின்றன. கையால் செய்யும் ஓவர்கிளாக்கை முன்கூட்டியே கம்பெனிக்காரர்களே செய்து அனுப்பி விடுகிறார்கள் என்று சொல்லலாம். தம்பிமார்களுக்கு மிஞ்சியிருப்பது அடிமட்டத்துக் காந்தல்தான்.

அந்தக் காந்தலின் சூடு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். ஆயிரம் வாட்ஸ் பெட்டி. அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட்ஸ். 2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ9 13900கே என்னும் பிராஸஸர், ஓவர்கிளாக் ஒன்றும் செய்யாமலே 253 வாட்ஸ் வரை இழுக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லோ இரண்டரைச் சதுர சென்டிமீட்டர்தான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு வாட்ஸ்! இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு நெருக்கம். பட்டுப் புடவையின் மேல் பெட்டியை மறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இத்தனை சூட்டையும் தலையில் உட்கார்ந்து உறிஞ்சி எடுப்பது கூலர். செம்பும் அலுமினியமும் சேர்ந்த தகடுகள், ஒரு விசிறி. சிலவற்றில் தண்ணீரை ஓட்டி ஜன்னலோரத்து ரேடியேட்டர் போல ஆற வைக்கும் ஏற்பாடும் உண்டு. தகடானாலும் சரி, தண்ணீரானாலும் சரி, இவற்றுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சூட்டை எடுத்து அறையில் இருக்கும் காற்றில் விடத்தான் அவற்றுக்குத் தெரியுமே தவிர, அறையின் உஷ்ணத்துக்குக் கீழே கொண்டு போகத் தெரியாது. அறைக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் கணக்கு. அறை 26 டிகிரியில் இருக்கும்போது பிராஸஸர் 84 காட்டினால், 58 டிகிரி வித்தியாசம். அதே வேலை, அதே விசிறி, அறை மட்டும் 38 டிகிரி என்றால்? 38-உம் 58-உம் 96. உண்மையில் இன்னும் ஓரிரண்டு கூடவே இருக்கும். சூடான சில்லு மின்சாரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கசிய விடும்.

சேலையூர்ப் புதிர் அவிழ்ந்ததா? தம்பி செய்த பரிசோதனையில் ஒரு தப்பும் இல்லை. அதைச் செய்த மாதம்தான் தப்பு. மார்கழி இரவில் ஒரு ஸ்வெட்டரும் ஒரு கப் காப்பியுமாக உட்கார்ந்து போட்ட கணக்கு, அக்கினி நட்சத்திரத்தின் பிற்பகலில் செல்லாது. அயல்நாட்டு நிபுணர்கள் படம் பிடித்துக் காட்டும் எண்களும் அப்படித்தான். அவர்கள் அறையில் இருபது, இருபத்திரண்டு டிகிரி. நமக்கோ 2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது! பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களுக்கு உள்ளே வரும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குளிர்சாதன எஞ்சினீயர்கள் சங்கம் யோசனை சொல்லியிருக்கிறது. சிறுசேரியில் இருக்கும் டேட்டா சென்டர்கள் அதற்காகவே இரவு பகலாக யந்திரம் ஓட்டுகின்றன. நம் வீடு யாரும் கேட்காமல் அந்த நிலைக்கு வருவது வருஷத்தில் ஒரு மாதம். திருப்பாவை பாடும் மாதம்.

ஆகவே எந்தப் பிராஸஸரையும், ஓவர்கிளாக் செய்தாலும் செய்யாவிட்டாலும், சித்திரையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்துப் பாருங்கள். உஷ்ணத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவசப் புரோகிராமைத் தம்பியோ தங்கையோ போட்டுக் கொடுப்பார்கள். மார்கழியில் பார்க்க நேர்ந்தால், வந்த எண்ணோடு 12-ஐக் கூட்டிக் கொள்ளுங்கள்.

எத்தனை டிகிரி வரை பொறுக்கலாம்? இன்டெலின் சமீப கால டெஸ்க்டாப் பிராஸஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு 95. அங்கே போனதும் வெடித்துவிடாது, பயப்பட வேண்டாம். வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். வேகத்துக்காக ஏற்றிய சூடே வேகத்தைத் தின்று விடும் என்பது இதில் உள்ள வேடிக்கை. இன்னும் மீறினால் உயிரைக் காத்துக் கொள்ள மொத்தமாக அணைந்து விடும். ஏஎம்டிக்காரர்கள் தங்கள் பிராஸஸர் 95-ல் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் மே மாதத்தில் விளிம்பு வரை நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு நடப்பானேன்? என்னைக் கேட்டால், கோடைப் பகலில் முழு வேலையில் 85-ஐத் தாண்டாமல் இருப்பது நிம்மதி.

உஷ்ணத்தை விடப் பொல்லாதது அந்த வோல்ட்டேஜ். சூடு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அளவுக்கு மீறிய மின் அழுத்தம் சில்லின் உள்ளே மயிரிழையை விட மெல்லிய பாதைகளை நாளடைவில் அரித்து விடுகிறது. 2024-ல் நடந்த கதை எல்லோருக்கும் எச்சரிக்கை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராஸஸர்கள் பல, நன்றாக ஓடிக் கொண்டிருந்தவை, திடீர் திடீரென்று தடுமாற ஆரம்பித்தன. ஓவர்கிளாக் செய்யாதவையும் அதில் உண்டு. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கிக் கொண்டதுதான் மூல காரணம் என்று கம்பெனியே ஒப்புக் கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப் போன சில்லைத் திருத்தத்தால் குணப்படுத்த முடியவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தலைமுறைப் பிராஸஸர் உங்கள் வீட்டில் இருந்தால், மதர் போர்டுக்கு வந்திருக்கும் புதிய பயாஸைப் போட்டாயிற்றா என்று இன்றைக்கே விசாரியுங்கள். இன்னொன்று: ஓவர்கிளாக் செய்ததனால் கெட்டுப் போனால் உத்தரவாதம் செல்லாது. இதைத் தம்பி சொல்லியிருக்க மாட்டான்.

இனிப் பரிகாரம்.

தாம்பரத்தில் இருந்து கொண்டு காற்றோட்டத்தைப் பற்றி வெளியூரில் பாடம் கேட்க வேண்டியதில்லை. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயாளியாக இருந்த காலத்தில், 1917-ல், மெண்டிப் குன்றுகளில் ஒரு காச நோய் சானடோரியத்தில் சில நாள் தங்கினார். அதை நடத்தி வந்தவர் நம் நாட்டவரான டாக்டர் சௌரி முத்து. அவர்தான் பிற்பாடு இங்கே வந்து 1928-ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மருந்து பெரிதாக ஒன்றும் இல்லாத காலம் அது. திறந்த வெளி, மரங்கள், நாள் முழுவதும் தங்கு தடையில்லாமல் வீசும் காற்று, இவைதான் அவருடைய சிகிச்சை. கம்ப்யூட்டருக்கும் அதே சானடோரிய வைத்தியம்தான்.

நாமோ என்ன செய்கிறோம்? கூடத்துக்கு அழகாக இல்லை என்று கதவு வைத்த மர அலமாரிக்குள் தள்ளிப் பூட்டுகிறோம். பின்பக்கத்தைச் சுவரோடு சுவராக ஒட்டி வைக்கிறோம். அந்த நாளில் ரேடியோவுக்குப் போட்ட மாதிரி எம்பிராய்டரி உறை தைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உறை வெகு அழகு. மயில் கூட இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருந்து வெளியேறிய சூட்டுக் காற்றையே பெட்டி திரும்பவும் குடிக்கிறது. முன்பக்கம் காற்று நுழைய வழி, பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியேற வழி. சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி. தரையின் தூசிக்கு மேலே ஒரு மணை போட்டு. இவ்வளவுதான். பெட்டிக்கு உள்ளே முன்னால் இருக்கும் விசிறி காற்றை உள்ளே இழுக்கிறதா, பின்னால் இருப்பது வெளியே தள்ளுகிறதா என்று ஒரு ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்தால் புகையே சொல்லிவிடும். இரண்டும் உள்ளேயே இழுக்கும்படி மாட்டிக் கொடுக்கும் புண்ணியவான்கள் உண்டு.

எந்த அறையில் வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, கோடையில் ஒரு சூளை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் நடுநிசி வரையில் கீழே கொட்டிக் கொண்டேயிருக்கும். தனி வீடானால் கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றுங்கள். அடுக்குமாடியில் மேல் மாடிக்காரர்கள், தளத்துக்கு வெள்ளை வர்ணம் பூசலாம். வீட்டாருக்கும் சேர்த்துப் பிரயோசனம்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? மூன்று மாதத்தில் கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளிப் போர்வையே நெய்து விடும். காற்று நுழையாத தகடு இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுக் கொண்டு, மெல்லிய பிரஷ்ஷாலும் காற்றுப் பம்பாலும் தட்டி எடுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொள்வது அவசியம்; பம்பின் காற்றில் அது தலைதெறிக்கச் சுற்றினால் பேரிங் போய்விடும். திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தூசியோடு உப்புக் காற்றும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். அவர்கள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி பார்ப்பது நல்லது.

அடுத்தது தெர்மல் பேஸ்ட். பிராஸஸரின் மூடியும் கூலரின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், பூதக் கண்ணாடியில் பார்த்தால் மேடு பள்ளம்தான். பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு தாண்டாது. அந்த இடத்தை அடைப்பதற்குத்தான் இந்தப் பசை. நிறைய அப்பினால் நிறையக் குளிரும் என்று நினைப்பது தப்பு. செம்பு கடத்துகிற சூட்டில் நாற்பதில் ஒரு பங்கைக் கூட அது கடத்துவதில்லை. தோசைக் கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்போமே, அந்த மாதிரி; நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்துக் கூலரை நேராக அழுத்தினால் தானே பரவும். மூன்று நாலு வருஷத்தில் காய்ந்து போகும். துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தால், பழைய கம்ப்யூட்டர்களில் சில டிகிரி சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம்.

சிலர் விபரீத வைத்தியங்களும் செய்கிறார்கள். தண்ணீரில் குளிரும் கூலருக்கு ஐஸ் தண்ணீர் விடுவது ஒன்று. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரை நம் ஊரில் மேஜை மேல் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிறது? வெளியெல்லாம் முத்து முத்தாக வியர்க்கிறது. கோடையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மீதும் நீராகப் படிந்து விடும். மதர் போர்டின் மேல் அந்த முத்துக்கள் உதிர்ந்தால் கம்ப்யூட்டருக்கு அன்றே காரியம் ஆயிற்று. ஏர் கூலரைப் பக்கத்தில் வைப்பதும் பயனில்லை. வறண்ட வேலூரில் அது குளிர்விக்கும். இங்கே ஏற்கெனவே புழுங்குகிற அறையில் இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். திரவ ஹீலியத்தை ஊற்றி 2023-ல் ஒரு பிராஸஸரை ஒன்பது கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியில் கொதிப்பது. அது சர்க்கஸ். பார்த்துக் கை தட்டலாம். வீட்டில் புலி வளர்க்க முடியாது.

ஏ.ஸி. போட்டால் தீர்ந்தது என்பீர்கள். வாஸ்தவம், 26-ல் வைத்தால் மார்கழி வந்து விடும். ஆனால் மீட்டரையும் பாருங்கள். ஓவர்கிளாக்கால் நூறு வாட்ஸ் கூடினால், நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்தில் 48 யூனிட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.ஸி.க்கு இன்னும் ஒரு 16 யூனிட் ஆகலாம். படிப்படியாக ஏறும் கட்டணத்தில் இவை உச்சாணிப் படியில் போய் உட்காரும் யூனிட்டுகள்.

இவ்வளவு சொன்ன பிறகு, தம்பியை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. அவனுடைய சாமர்த்தியத்துக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. வேகத்தை ஏற்றுகிற அதே பயாஸ் பக்கத்தில் வோல்ட்டேஜை இறக்கவும் முடியும். அந்த வர்க்கக் கணக்கு இப்போது நம் பக்கம் சேர்ந்து விடும்: வோல்ட்டேஜில் ஐந்து சதவிகிதம் குறைந்தால் உஷ்ணம் ஏறக்குறைய பத்து சதவிகிதம் குறையும், வேகம் அப்படியே இருக்கும். கம்பெனிக்காரர்கள் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகவே வோல்ட்டேஜ் வைத்து அனுப்புவதால், பல சில்லுகளில் இதற்கு இடம் உண்டு. ரசத்துக்கு உப்புப் பார்ப்பது போல, இம்மி இம்மியாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தடுமாறினால் ஓரிரு படி மேலே வந்து நிறுத்திக் கொள்ள வேண்டும். சில மதர் போர்டுகளில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் மொத்த வாட்ஸுக்கு ஓர் எல்லை கட்டலாம். 253 வாட்ஸ் இழுக்கும் பிராஸஸரை 150-ல் நிறுத்தினால் வேகம் பாதியாகி விடாது. கடைசிச் சில அடிகளுக்குத்தான் அது அத்தனை மின்சாரத்தையும் விழுங்கிக் கொண்டிருந்தது. ஏஎம்டியில் இதற்கென்று ஈக்கோ மோட் என்று ஒரு விசையே இருக்கிறது. உச்சரிப்பில் கவனம் தேவை. ஈகோ மோட் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது!

சூட்டோடு போராடாமல் காரியம் பார்க்கும் சில்லுகளும் நம் பக்கத்திலேயே பிறந்திருக்கின்றன. கிண்டி காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த சக்தி பிராஸஸர் 2018-ல் வெளி வந்தது. முதலில் அமெரிக்காவின் ஓரிகனில் இன்டெல் தொழிற்சாலையிலும், அதே வருஷம் நம் சண்டிகரிலும் வார்த்தெடுத்தார்கள். அதைப் பற்றி இன்னொரு வாரம் தனியாகவே எழுத வேண்டும்.

சேலையூர்ப் பெண்ணின் வைகாசி வேலைக்கு வருவோம். வோல்ட்டேஜை இறக்கியாயிற்று, தூசி தட்டியாயிற்று, பெட்டி சுவரை விட்டு நகர்ந்தாயிற்று. இன்னும் ஏ.ஸி. இல்லாத வீடானால் நேரத்தை மாற்றிக் கொள்ளலாம். வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் பகலில் இருக்கட்டும். அவற்றுக்குப் பிராஸஸர் அவ்வளவாகத் திணறாது. முழு மூச்சில் ஓட வேண்டிய கடைசி வேலையை இரவு பதினொரு மணிக்கு மேல், தளம் ஆறிய பிறகு, ஜன்னல்களைத் திறந்து வைத்து ஆரம்பிப்பது. நாளின் மிகக் குளிர்ந்த நேரம் சூரியோதயத்துக்குச் சற்று முன்னால். கடற்கரைக்கு முதல் மின்சார ரயில் தாம்பரத்தை விட்டுப் புறப்படுகிற அந்த வேளையில் அறை 29, 30 டிகிரிக்கு வந்திருக்கும். வாசல் தெளிக்க எழுந்திருக்கும்போது ஒரு தரம் எட்டிப் பார்த்து, எண் 80-க்குள் இருக்கிறதா என்று கவனித்து விட்டுப் போனால் போதும். காப்பி கலந்து முடிவதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்திருப்பார்.